அண்ணியின் மூலை மனை

காட்டுத் தீ வந்தால் குடியிருப்பு எப்படித் தப்பும் என்று யோசித்து மனைப்பிரிவு வரைவதுதான் தங்கையின் தொழில். அண்ணனோ மனை விற்பவர். காட்டோரமாக வாங்கிப் போட்ட நிலத்துக்கு அவளையே வரைபடம் போடச் சொன்னார். கூடப் பிறந்தவள்தானே, சொன்னபடி கேட்பாள் என்று நம்பிவிட்டார், பாவம்.

வீடுகளைக் காட்டிலிருந்து தள்ளி வைத்தாள். நடுவே மரமே இல்லாத விளையாட்டுத் திடல் போட்டாள். மரக் கூரை கூடவே கூடாது என்றாள். எல்லாவற்றுக்கும் முணுமுணுத்தபடியே தலையாட்டியவர், இரண்டாவது வழி வேண்டும் என்றதும் முரண்டு பிடித்தார். பின்னால் போகும் சாலையைத் தொடுவதற்கு ஒரே ஒரு மூலை மனையில்தான் இடம் இருந்தது. அதை அண்ணி தனக்கென்று எடுத்துக் கயிறு கட்டி, ரோஜாச் செடிகளும் நட்டிருந்தாள்.

“ஒரு வாசல் போதும் பாப்பா. உங்க அண்ணிகிட்ட யாரு போய்ப் பேசுறது?”

“தீ வந்தா எல்லாரும் ஒரே நேரத்துல கிளம்புவாங்கண்ணே. இருக்கிற வழியும் அடைச்சுக்கிட்டா அவ்வளவுதான்.”

“சும்மா பயமுறுத்தாத.”

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. போன கோடையில் எதிர்மலை எரிந்ததை இருவரும் சேர்ந்து நின்றுதான் பார்த்தார்கள். அந்த வரைபடத்தில் கையெழுத்துப் போட அவளுக்கு மனம் ஒப்பவில்லை. வேலையை விட்டு விலகிக்கொள்வதென்றே முடிவு செய்திருந்தாள்.

மனை வாங்கியவர்களுக்கெல்லாம் அண்ணன் அங்கேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்து வைத்தார். சாப்பாடு முடிந்து எல்லாரும் காரைக் கிளப்பிய நேரம் பார்த்துத்தான், அண்ணன் ஆசை ஆசையாகச் செய்யச் சொல்லியிருந்த அலங்கார வளைவு லாரியில் வந்து சேர்ந்தது. திரும்பிய லாரி வாசலில் குறுக்கே வசமாகச் சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. ஒருவர் இறங்கி வந்து அண்ணனிடம் கேட்டார்: “இப்பத் தீப்பிடிச்சா நாங்க எப்படி சார் வெளிய போறது?”

அண்ணன் லாரி டிரைவரைத் திட்ட ஓடினார். தங்கைக்கு நாக்கு துறுதுறுத்தது, கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டாள்.

கயிற்றை அவிழ்த்தது அண்ணிதான். தன் மனைக்கு நடுவே நின்றுகொண்டு, “இப்படி வாங்க, ஒவ்வொருத்தரா வாங்க” என்று கையசைத்தாள். ரோஜாச் செடிகள் மேலேயே கார்கள் ஏறிப் போயின. கடைசிக் காரையும் அனுப்பிவிட்டு, முகமெல்லாம் புழுதியாகத் தங்கையிடம் வந்தாள்.

“இதைத்தானே இத்தனை நாளா சொல்லிட்டிருந்த? ரோட்டைப் போடு. எனக்கு வேற மனை பாத்துக் குடு.”

தங்கைக்கு அண்ணியைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொண்டாள்.

மறுவாரம் புதிதாக மனை பார்க்க வந்தவர்களிடம் அண்ணன் வரைபடத்தை விரித்துக் காட்டினார். “ரெண்டு வழி இல்லாம மனை போடவே கூடாதுன்னு நான் ஆரம்பத்துலயே சொல்லிட்டேன்.”

அண்ணி சிரிப்பை அடக்கமாட்டாமல் தங்கையைப் பார்த்தாள். வந்தவர்களும் பார்த்தார்கள்.

“ஆமா, அண்ணன் சொல்லித்தான் போட்டேன்” என்றாள் தங்கை. வழி கிடைத்துவிட்டது, பெயர் யாருக்குப் போனால் என்ன என்றிருந்தது அவளுக்கு.