எந்நேரமும் இறங்கலாம்

விமானி ஹெர்பர்ட் பேனா மூடியைத் திறந்துவிட்டார். அனுமதிப் பத்திரத்தில் ஒரு கையெழுத்துதான் பாக்கி. போட்டுவிட்டால், வில்கமுவவிலிருந்து நோயாளிகளை ஏற்றிவரும் சிறிய விமானம், வானில் சுற்றும் செய்மதி காட்டும் வழியை மட்டும் நம்பி எந்நேரமும் தம்புள்ளைக்குப் பக்கத்து ஓடுபாதையில் இறங்கலாம். இலங்கையில் போர்நிறுத்தம் வந்து ஒரு மாதமே ஆன 2002 மார்ச்சில் அது பெரிய காரியம்.

"கொஞ்சம் பொறுங்க சார்" என்றாள் டொறீன். பல்லேகமவில் கணக்கு டீச்சர். செய்மதி அலைகளைப் பதியும் கருவி அவள் பள்ளிக்கூடக் கூரையில்தான் இருந்தது.

"பன்னிரண்டு தரம் இறங்கிப் பாத்தாச்சு மிஸ். எல்லாம் கோடு போட்ட மாதிரி."

"எல்லாம் காலையில பத்து மணிக்குத்தானே? ஆபீஸ் நேரத்துல மட்டும்தான் மனுசருக்கு நோய் வருமா சார்?"

அவள் கருவி பதிந்த ஒரு மாதத்துத் தாள்களை விரித்தாள். பொழுது சாய்ந்து ஒரு மணி நேரத்தில், நேராக ஓடிய கோடு பல நாட்களில் நடுங்கியது.

"மேகமா இருக்கும்" என்றார் ஹெர்பர்ட்.

"வானம் துடைச்ச மாதிரி இருந்த நாள்லயும் இதே ஆட்டம்தான். இது மேகத்துக்கும் மேல, முந்நூறு கிலோமீட்டர் உயரத்துல. இருட்டினதும் அங்க சோறு கொதிக்கிற மாதிரி குமிழி எழும்புது. அலை அதுக்குள்ள பூந்து வரையில சிதறிப்போகுது. இந்த வருசம் சூரியனும் உக்கிரமா இருக்கு, அதுதான் குமிழி கூட. ராத்திரி ஏழரைக்கு ஒருக்கா ஏறிப் பாருங்க. நானும் வாறேன்."

ஏழரைக்கு ஏறினார்கள். ஹெர்பர்ட்டின் கண் கருவியில் மட்டும். பக்கத்தில் துணை விமானி ரபாயேல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வானம் நிறைய நட்சத்திரம்.

"உங்க குமிழி லீவு போல, மிஸ்" என்றார் ஹெர்பர்ட், இறங்கத் தொடங்கியபடி.

பின்னிருக்கையிலிருந்து டொறீன் திரையைக் காட்டினாள். திரையில் ஒன்பது செய்மதிகள் ஆறாயின. பிறகு மூன்று. வழிகாட்டும் அம்பு மெல்ல இடப்பக்கம் நழுவியது. அவர் அதையே பின்தொடர்ந்தார். திரை வெறுமையானது.

"ஏத்துங்க, முன்னால மலை" என்றார் ரபாயேல்.

ஹெர்பர்ட் விமானத்தைத் தூக்கினார். பிறகு ஓடுபாதை விளக்குகளைக் கண்ணால் பார்த்தே இறக்கினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இப்படி ஆகும்னு தெரிஞ்சேதான் ஏறினீங்களா?"

"ரபாயேல் அண்ணனுக்குக் கண்ணு நல்லாத் தெரியும்னு சொன்னாங்க" என்றாள் அவள். அவளுடைய விரல்கள் இன்னும் இருக்கையைப் பிடித்திருந்தன.

ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த தாம் காணாததை, கூரையடியில் உட்கார்ந்தே கண்டுபிடித்திருக்கிறாள். அதற்காகத் தன் உயிரையும் கொண்டுவந்து பின்னிருக்கையில் வைத்திருக்கிறாள். ஹெர்பர்ட் பத்திரத்தை எடுத்து, 'எந்நேரமும்' என்ற சொல்லை அடித்தார். பேனாவை அவளிடம் நீட்டினார்.

"நேரத்த நீங்களே எழுதுங்க, மிஸ்."

பொழுது சாய்ந்தது முதல் நடுநிசி வரை செய்மதியை மட்டும் நம்பி இறங்கக் கூடாது என்று அவள் எழுதினாள். அதன் கீழே அவர் கையெழுத்திட்டார்.