படகில் வளர்ந்தவள்

எங்கள் ஊர்ப்பக்கம், வளைகுடாவில் வேலை பார்ப்பவன் எந்தப் பழியையும் தானே சுமக்க வேண்டியதில்லை. அதற்கென்றே கபீல் என்று ஒருவர் இருக்கிறார், விசா கொடுத்த முதலாளி. தங்கச்சி கல்யாணத்துக்கு வரவில்லையா, கபீல் லீவு தரவில்லை. அப்பாவின் ஆபரேஷனுக்கு வரவில்லையா, கபீல் பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை. அவரை யாரும் பார்த்ததில்லை. சாமிக்கு அடுத்தபடியாக யாரும் எதிர்க்கேள்வி கேட்காத ஆள் அவர்தான். நானும் அவர் தலையில்தான் போட்டேன்.

என் பெயர் அம்மையப்பன். ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். துபாயில் மஹ்மூது என்கிற அரபு முதலாளியின் உல்லாசப் படகைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மெரினா என்கிற படகுத்துறையிலேயே, படகின் மூக்குப் பக்கத்துச் சின்ன அறையில் குடியிருந்தேன். எனக்கு நீச்சல் தெரியாது. கண்மாயே வருஷத்தில் எட்டு மாதம் காய்ந்து கிடக்கிற ஊரில் பிறந்தவனிடம் அதையெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது. முதலாளியும் அதைக் கேட்கவில்லை. துடைக்கத் தெரியுமா என்றுதான் கேட்டார்.

2007 தொடக்கத்தில் என் மனைவி நாகஜோதிக்குத் தலைப்பிரசவம். முதலாளி நான் கேட்காமலே இரண்டு மாதம் லீவு கொடுத்தார். டிக்கெட்டும் அவரே எடுத்தார். அவர் வீட்டம்மா ஒரு பெட்டி நிறையப் பிள்ளைத் துணி வாங்கி அனுப்பியிருந்தார். ஊருக்குப் போன நாலாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. ஒன்பதாம் நாள் விடிகாலையில் இறந்துபோனது.

மூச்சுத் திணறல் என்றார்கள். அந்தப் பெட்டியிலிருந்த துணி ஒன்றில் சுற்றி நானே தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தேன். பச்சைப் பிள்ளைக்குக் காரியம் எதுவும் கிடையாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். வெயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்தது. ஆனால் நாகஜோதிக்குப் பால் சுரப்பது நிற்கவில்லை. பால் வற்றட்டும் என்று மாமியார் மல்லிகைப்பூவை மாரில் வைத்துக் கட்டினார். வீடு முழுக்கக் கல்யாண வீடு மாதிரி பூ வாசம். அவள் அழக்கூட இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து என்னைப் பார்ப்பாள். நான் எழுந்து டீக்கடைக்குப் போய்விடுவேன். ஒரு நாளைக்கு ஏழு டீ குடித்தேன்.

பிள்ளை பிறந்த இருபதாம் நாள், முதலாளி போன் செய்ததாகச் சொன்னேன். உடனே கிளம்பி வரவேண்டுமாம், இல்லாவிட்டால் விசாவை கேன்சல் பண்ணிவிடுவாராம்.

"அந்தாளு வீட்டுல பிள்ளகுட்டி இல்லையா? மனுசந்தானா அவன்?" என்று மாமியார் மண்ணை வாரித் தூற்றினார்.

நாகஜோதி, "போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

மெரினாவுக்குத் திரும்பி, படகில் கால் வைத்ததும் எனக்கு வந்தது துக்கம் இல்லை, நிம்மதி. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. நான் இல்லாத நாளில் மேல்தளத்தில் தூசி கனமாகப் படிந்திருந்தது. குழாயை மாட்டி, நல்ல தண்ணீரால் உப்பையும் தூசியையும் கழுவினேன். கம்பிகளை ஈரம் போகத் துடைத்தேன். தளர்ந்திருந்த கயிறுகளை இழுத்துக் கட்டினேன். அடித்தட்டில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று பலகையைத் தூக்கிப் பார்த்தேன். ஏசி போட்டு என் அறையில் படுத்தபோது, ஒரு மாதமாகத் தூங்காதவன் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். அங்கே பூவைக் கட்டிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். இங்கே ஐயாவுக்குக் குறட்டை.

வெள்ளிக்கிழமை முதலாளி வந்தார். எங்களுக்குள் பேச்சு இந்தியில்தான்.

"இத்னா ஜல்தி? சப் டீக்?" என்றார். இவ்வளவு சீக்கிரமா, எல்லாம் நலமா என்று.

பிள்ளை செத்துவிட்டது என்று சொன்னால் அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். இங்கே என்ன பண்ணுகிறாய், போய் உன் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார் என்று மறு விமானத்தில் ஏற்றிவிடுவார். அப்படிப்பட்ட மனிதர். அந்தப் பயத்தில், "சப் டீக்" என்றேன்.

பையனா, பெண்ணா என்றார். பெண் என்றேன். பெயர் என்ன என்றார். தாமரை என்று வாயில் வந்துவிட்டது. அது நாகஜோதி ஆசைப்பட்ட பெயர். பழைய காலத்துப் பெயர் என்று போனிலேயே நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

"தாமரா!" என்று முதலாளி என்னைக் கட்டிக்கொண்டார். பக்கத்துப் படகுக்காரரைக் கூப்பிட்டு அவரிடமும் சொன்னார். சாயங்காலத்துக்குள் படகுகள் வரிசையாக நிற்கிற மிதவைப் பாதை முழுக்கத் தெரிந்துவிட்டது.

இந்தியில் பொய் சொல்வது சுலபம். நமக்குச் சம்பந்தமில்லாத வாய் பேசுகிற மாதிரி இருக்கும். ஆனால் மெரினா ஆபீசில் தாரகன் என்று ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் இருந்தார். ஒவ்வொரு படகுக்கும் கரண்ட் மீட்டர் பார்த்து எழுதிப் போவது அவர் வேலை. அவர் தமிழில் கேட்டார்.

"என்ன தம்பி, மகள் சுகமா இருக்கிறாளோ? ஆரைப் போல?"

கையிலிருந்த துணியை வாளியில் முக்கிப் பிழிந்தேன். பிறகு, "அவங்க அம்மாவைப் போல" என்றேன். அது மட்டும் உண்மை.

அவருக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் ஊரில். அதனாலோ என்னவோ வாரத்துக்கு இரண்டு தரம் விசாரிப்பார். இரவில் நித்திரை கொள்கிறாளா, முகம் பார்த்துச் சிரிக்கிறாளா. ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் என்பார்கள். எனக்கு ஒன்பதோடு நிற்கவில்லை. தாமரை குளிப்பாட்டினால் அழ மாட்டாள். மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருப்பாள். என் குரலைப் போனில் கேட்டால் காலை உதைப்பாள். தாரகன் வருகிற நேரத்துக்கு, இன்று என்ன சொல்லலாம் என்று கம்பியைத் துடைத்துக்கொண்டே யோசித்து வைக்க ஆரம்பித்தேன். அவர் வராத நாளில் ஏமாற்றமாக இருந்தது.

நான் சந்தோஷமாக இருந்தேன். இதைவிடப் பெரிய பாவம் நான் செய்ததில்லை. பிள்ளையைப் பெற்றவளைச் சாவோடு தனியாக விட்டுவிட்டு, நான் மட்டும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த மாதிரி.

நாகஜோதிக்கு வாராவாரம் போன் செய்வேன். சாப்பிட்டாயா என்பேன். சாப்பிட்டேன் என்பாள். டூட்டி ஜாஸ்தி என்பேன். சரி என்பாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தரமும் நினைப்பேன். போன் கார்டில் நிமிஷம் தீர்ந்துவிட்டது என்று வைத்துவிடுவேன். தீர்ந்திருக்காது.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை முதலாளி கையில் ஒரு பொட்டலத்தோடு வந்தார். உள்ளே சின்னதாக ஒரு மஞ்சள் கவுன். வீட்டம்மா கொடுத்தனுப்பியதாம். என்னை உட்கார வைத்து, உன் மனைவிக்கு நான் இன்னும் வாழ்த்துச் சொல்லவே இல்லையே, நம்பர் சொல் என்றார்.

"சிக்னல் இல்லை பாபா" என்றேன்.

தன் போனை எடுத்துக் காட்டினார். அதில் முழு சிக்னல் இருந்தது. ஊரில் எத்தனையோ பேரை ஏமாற்றத் தெரிந்த எனக்கு, அந்த நேரத்தில் ஒரு தப்பான நம்பர் சொல்லத் தோன்றவில்லை. அவர் ஸ்பீக்கரைப் போட்டார். இரண்டாவது மணியிலேயே அவள் எடுத்துவிட்டாள்.

"ஹலோ சிஸ்டர். மஹ்மூது, துபாய். மப்ரூக், மப்ரூக்" என்றார் முதலாளி. அவள் ஹலோ சொன்னதோடு சரி. அவர் சிரித்துக்கொண்டே தொடர்ந்தார். "ஐ கிவ் ஹிம் டூ மந்த் லீவ். ஒன் மந்த், ஹி கம் பேக். யூ ஃபைட் வித் ஹிம்?"

நாகஜோதி பன்னிரண்டாவது படித்தவள். முதுகுளத்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள். அவளுக்குப் புரியாமல் இருக்க வழியே இல்லை. நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"பேபி குட்? தாமரா குட்?" என்றார் முதலாளி.

போனில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று அவர் போனைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும், அவள் சொல்லலாம். சொல்லட்டும் என்றுகூட இருந்தது எனக்கு.

"குட் சார்" என்றாள். "தாமரை குட்."

முதலாளி அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி, போனை என் கையில் கொடுத்து, நீங்கள் பேசுங்கள் என்று மேல்தளத்துக்குப் போய்விட்டார். நான் ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்தேன்.

"அவர் கூப்பிடல" என்றாள்.

"இல்ல ஜோதி."

"நீங்களாத்தான் போனீங்க."

"ஆமா. என்னால அங்க இருக்க முடியல. தப்புத்தான்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. அவள் கேட்டது வேறு.

"அங்க யாருக்கெல்லாம் தெரியும், அவ பொறந்தது?"

"எல்லாருக்கும்."

"செத்தது?"

"யாருக்கும் சொல்லல."

"இங்க செத்தது மட்டுந்தான் எல்லாருக்கும் தெரியும். பொறந்தத ஒருத்தரும் பேசுறதில்ல. நான் பேசுனாலும் எந்திரிச்சுப் போயிடுறாக."

நான் ஊருக்கு வந்துவிடுகிறேன், இப்போதே முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"அங்க என்ன பண்றா?" என்றாள்.

"யாரு?"

"தாமரை. அவுககிட்ட என்னன்னு சொல்லி வச்சிருக்கீங்க? எங்கிட்டயும் சொல்லுங்க."

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆனாலும் சொன்னேன். முகம் பார்த்துச் சிரிக்கிறாள் என்றேன். ம் என்றாள். குளிப்பாட்டினால் அழுவதில்லை, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கிடப்பாள் என்றேன். அதற்கும் ம் என்றாள். போன வாரம் தாரகனிடம் சொன்னதையும் சொன்னேன், குப்புற விழ ஆரம்பித்துவிட்டாள் என்று.

"இல்லங்க" என்றாள் நாகஜோதி. "இன்னைக்கு எண்பத்திரண்டு நாள்தான் ஆகுது. குப்புற விழ இன்னும் நாள் கெடக்கு."