மோட்டாரை எடுத்து விட்ட தீபாவளி

எங்கள் சூப்பர்வைசர் வேலுமணி கோபிச்செட்டிபாளையத்துப் பக்கத்துக்காரர். நெய்வேலிக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. குவார்ட்டர்ஸ் வீடுகளுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் ஹவுஸில் நாங்கள் கான்ட்ராக்ட் ஃபிட்டர்கள். வந்த முதல் நாளே எங்களை வரிசையாக நிற்க வைத்து, "நான் ஒருக்காத்தான் சொல்லுவனுங்க. சொன்னதைச் செய்யோணும். ஏன், எதுக்குன்னு கேக்கறவங்க ஊட்டுலயே இருந்துக்கலாமுங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். மரியாதையாகச் சொன்னாலும் வேலை போனால் போனதுதான்.

இதற்கு ரொம்பப் பயந்தவன் துரைராஜ். தற்காலிக ஆள். தீபாவளி கழிந்ததும் வேலுமணி ஒரு வார்த்தை சொன்னால் அவனைப் பர்மனண்ட் ஆக்குவதாக கான்ட்ராக்டர் சங்கரலிங்கம் சொல்லியிருந்தார். துரைராஜின் மனைவி பெரியநாயகிக்கு அதுவரை பொறுமை இல்லை. 'எங்க வூட்டுக்காரரு பர்மனண்ட்' என்று அவர்கள் ஊரான குள்ளஞ்சாவடியில் சந்தை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள்.

மோட்டாரை ஓட்டுகிற வேணு தீபாவளிக்கு லீவு போட்டுவிட்டான். முந்தின நாள் சாயங்காலம் வேலுமணி சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "துரைராஜு, வெடியறதுக்கு மின்னாடி மோட்டாரை எடுத்து உட்டுருங்க. மறந்துறாதீங்க" என்றார். மிதித்துப் போயே போய்விட்டார்.

துரைராஜ் என்னைப் பார்த்தான். "எடுக்கணுமாமே. இன்னாத்துக்கு?"

"பேரிங் ஒரு வாரமா கத்திக்கினு கெடக்குதில்ல. ரிப்பேருக்கு அனுப்புவாரு போல."

"தீபாவளி அன்னிக்கா? ஒரு வாட்டி கேட்டுக்கினு வந்துடட்டுமா?"

"கேளேன். கேட்டுக்கினு அப்படியே குள்ளஞ்சாவடிக்கு பஸ் ஏறிடு."

அவன் கேட்கவில்லை. விடியுமுன் வந்து போல்ட்டுகளைக் கழற்றினோம். சங்கிலி போட்டுத் தூக்கி, மோட்டாரை வெளியே எடுத்து, சாக்கு விரித்து அதன்மேல் வைத்தோம். வேலை சுத்தமான வேலை. அதில் ஒரு குறை சொல்ல முடியாது.

விடிந்தது. குவார்ட்டர்ஸ் முழுக்க எல்லார் தலையிலும் எண்ணெய். குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று. கொஞ்ச நேரத்தில் துண்டும் எண்ணெயுமாக ஒரு பெருங்கூட்டம் பம்ப் ஹவுஸுக்கு வந்து சேர்ந்தது. முன்னால் வேலுமணி, காது வழியாக எண்ணெய் சொட்டச் சொட்ட.

"ஏனுங், மோட்டாரு எங்கீங்க?"

"எடுத்துட்டோம்ங்க" என்றான் துரைராஜ்.

"எடுத்து உடச் சொன்னனே!"

"எடுத்து வெளியில விட்டுட்டோம்ங்க."

வேலுமணி சாக்கில் கிடந்த மோட்டாரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் ஊரில் மோட்டாரை எடுத்து விடுவது என்றால் ஓட விடுவதாம். அதை நாங்கள் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம். அட கடவுளே, இதை முந்தின நாளே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா!

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சங்கரலிங்கம் வந்தார். திருநெல்வேலிக்காரர். குவார்ட்டர்ஸில் இருக்கும் மகள் வீட்டுக்குத் தீபாவளிக்கு வந்திருந்தவர். அவர் தலையிலும் எண்ணெய்.

"எவம்ல கழத்துனது?"

"நான்தாங்க."

"வேலுமணி, இவன நிறுத்திரும்."

துரைராஜின் முகம் செத்துப்போனது. வேலுமணி உடனே தலையாட்டுவார் என்று நினைத்தோம். அவர் ஆட்டவில்லை.

"நிறுத்தறதுன்னாங்க?"

"என்னவே, தமிழ் தெரியாதா?"

"எங்கூருத் தமிழு எனக்குத் தெரியுமுங்க. அதுனாலதான் மோட்டாரு இங்க கெடக்குது. முழுசாச் சொல்லிப்போடுங்க. யாரை, எதுக்கு, என்ன பண்ணோணும்?"

சங்கரலிங்கம் கூட்டத்தை ஒரு தடவை பார்த்தார். "சூப்பர்வைசர் சொன்னத அப்படியே செஞ்சதுக்காவ, இந்தப் பயல வேலய விட்டு..."

அத்தனை எண்ணெய்த் தலைகளும் மீதியைக் கேட்கக் காத்திருந்தன. மீதி வரவில்லை. கண்ணில் இறங்கிய எண்ணெயைத் துடைத்துக்கொண்டு, "மொதல்ல மோட்டார மாட்டுங்கல" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

நாங்கள் சங்கிலியை எடுத்தோம். வேலுமணியும் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு ஒரு பக்கம் பிடித்தார்.

"தப்பு எம்மேலதானுங்க, துரைராஜு. மோட்டாரை ஓட உடறதுக்கு உங்கூர்ல என்னன்னு சொல்லுவீங்க?"

"போடறதுன்னு சொல்லுவோம்ங்க."

வேலுமணி யோசித்தார். "கீழ போட்டுற மாட்டீங்களே?"

அவர் எங்களிடம் சந்தேகம் கேட்டது அதுதான் முதல் தடவை. துரைராஜுக்கும் தைரியம் வந்துவிட்டது. போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்.

"நாளைக்கு நான் வரட்டுங்களா?"

"வாங்க."

"வேலைக்கா, கணக்கு முடிக்கவாங்க?"

"வேலைக்குத்தானுங்க. தெனமும் வாங்க. பர்மனண்டா வாங்க. நான் சொல்லிப்போடறேன்."

பம்ப் ஹவுஸில் நின்ற எல்லாரும் அன்று கண்ணில் எண்ணெய் இறங்கி, துடைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். துரைராஜும் துடைத்துக்கொண்டான். அவன் தலையில் அன்று எண்ணெயே இல்லை.