கண்பட்டால் காய்க்கும் தோட்டம்

மூத்த மருமகள் பொறாமைப்பட்டால் இளைய மருமகளின் தக்காளி பழுத்தது. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்பதைப் போல, இதுவும் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்பார்கள். இங்கே கண்ணடிதான் உரம். ஒரே வீடு, இரண்டு சமையலறை, பின்பக்கத் தோட்டத்தின் நடுவே ஒரு செங்கல் வரிசை. இந்தப் பக்கம் மூத்தவள் முட்டை ஓடும் வாழைப்பழத் தோலும் போட்டுத் தொட்டிகளில் வளர்த்த கத்தரி, இலையை மட்டும் காட்டிக்கொண்டு நின்றது. அந்தப் பக்கம் லாரி ஓட்டுநரின் மனைவியான இளையவள், கை கழுவிய தண்ணீரை வீசினாலே அவரைப் பந்தல் நிறைந்தது. மூத்தவள் வயிற்றெரிச்சலை மறைத்ததே இல்லை. "கை ராசியாம். நான் மட்டும் என்ன காலாலயா நடுறேன்?" என்பாள்.

எரிச்சல் உண்மையில் தக்காளிக்காக இல்லை. மூத்தவளின் ஒரே மகள் பள்ளி விட்டு வந்ததும், தோள்பையைக்கூட இறக்காமல் நேரே சித்தியின் அடுப்படிக்குப் போய்விடுவாள். பிள்ளையில்லாத இளையவள் அவளுக்கென்றே தக்காளி ஜாம் கிண்டுவாள், ரொட்டி சுடுவாள். பெற்றவள் போடும் தட்டில் பாதிச் சாப்பாடு மிஞ்சும். தன் தொட்டியில் விளைந்ததைத் தானே சமைத்து, மகள் "இன்னும் கொஞ்சம்" என்று கேட்க வேண்டும்; மூத்தவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஒரு கோடையில் மூத்தவள் கோபித்துக்கொண்டு, மகளையும் விட்டுவிட்டு அண்ணன் வீட்டில் போய்த் தங்கியபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. அவள் போனதும் இளையவளின் பச்சைக்காய்கள் பச்சையாகவே நின்றுவிட்டன. ஜாம் சாடி காலியானது. திரும்பி வந்தவள், மகள் சித்தியின் மடியில் சாய்ந்திருப்பதைப் பின்வாசலிலிருந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே செடி முழுக்கச் சிவந்தது. பூட்டுக்கடை வைத்திருந்த அவள் கணவர் அன்றிலிருந்து தந்திரசாலியானார். விளைச்சல் மந்தமானால், சாப்பிடும்போது தம்பி மனைவியின் ஊறுகாயைப் புகழ்வார். விடிந்தால் வெண்டைச் செடி பாரத்தில் வளைந்து நிற்கும். இளையவளோ வெள்ளை மனசுக்காரி. தன் பக்கம் ஒரு நாற்காலியைப் போட்டு, "அக்கா, வந்து கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போங்க, பூசணி பிஞ்சுலயே நிக்குது" என்று கூப்பிட்டாள். மூத்தவள் போகவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளேயே இருந்தாள். அதற்கே பூசணி பருத்தது.

"என்னைப் பாத்து உனக்கு ஒரு தடவகூடப் பொறாமை வந்ததில்லையா?" என்று ஒருநாள் மூத்தவள் கேட்டே விட்டாள். இளையவள் அதை உதவி கேட்பதாக எடுத்துக்கொண்டு, கத்தரித் தொட்டி முன்னால் போய்க் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்று முயன்று பார்த்தாள்.

"வரமாட்டேங்குதுக்கா. உங்க செடி அப்படி."

இதைவிடப் பெரிய அவமானம் மூத்தவளுக்கு நேர்ந்ததில்லை. அந்த வாரம் இளையவளின் பந்தலில் அவரைக்காய் பறிக்க ஆள் போதவில்லை.

மழைக்காலத்தில் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. இளையவள் தோட்டத்துக் காயெல்லாம் போட்டு சூப் வைத்து, பதமாக ஆற்றி, கட்டிலருகே கொண்டுவந்தாள். சிறுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நீ போ சித்தி. எனக்கு அம்மா வேணும்." மூத்தவள் பதற்றத்தில் உப்புப் போட மறந்த கஞ்சியை ஊட்டினாள். பிள்ளை அதை வழித்துக் குடித்து, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கி, அம்மாவின் விரலைப் பிடித்தபடியே தூங்கிப்போனாள். இளையவள் சூப் கிண்ணத்தோடு கதவருகே வெகுநேரம் நின்றிருந்தாள்.

மறுநாள் காலை மூத்தவளின் தொட்டிகள் வெடித்துக் கிடந்தன. கத்தரி பாரம் தாங்காமல் தரையில் படுத்திருந்தது. மிளகாய்ச் செடியில் இலையே தெரியவில்லை. மூத்தவளுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். யாருடைய வயிறு எரிந்து இப்படிக் காய்த்தது என்பது பிறகுதான் உறைத்தது. செங்கலுக்கு அப்பால், குழாயடியில், இளையவள் வீங்கிய கண்களோடு நின்றிருந்தாள்.

"நல்லா காய்ச்சிருக்குக்கா."

"ம். கூடைய எடுத்துட்டு வா."

இருவரும் சேர்ந்து பறித்தார்கள். அதன்பின் இரண்டு பக்கமும் காய்த்தது. சிறுமி எந்த அடுப்படியில் சாப்பிட்டாளோ, மறுநாள் அந்தப் பக்கம் கூடுதலாகக் காய்க்கும். கூடையோடு வந்து பறிப்பவள் மட்டும் மற்றவள்.