வீட்டார் அனைவரும்

சட்டையின் கழுத்துப் பட்டியில் தண்ணீர் தெளித்து இஸ்திரிப்பெட்டியை அழுத்தி இழுத்தாள் குகனேஸ்வரி. காலையிலிருந்து இது பதினோராவது சட்டை. குதிக்கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. தான் குடியிருந்த அல்பெர்கேரியாவிலிருந்து நடந்து வந்து நான்கு மாடி ஏறி இந்த இத்தாலியர் வீட்டில் வேலை செய்யத் தொடங்கி மூன்று வருடமாகிறது.

அடுத்த அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. லத்தீன் படிப்பித்து ஓய்வுபெற்ற புரொஃபெசோரே கையில் ஒரு தாளுடன் வாசலில் வந்து நின்றார். பழைய ரோமர்களிடையே கிறிஸ்தவம் எப்படிப் பரவியது என்று அவர் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் அவளைக் கூகா என்று கூப்பிட்டு வாசித்துக் காட்டுவார். அவளுக்குப் பாதி விளங்கும்.

"வீட்டுத் தலைவன் ஞானஸ்நானம் பெற்றால் வீட்டார் அனைவரும் பெற்றார்கள் கூகா. சமையல்காரி, தண்ணீர் சுமக்கிறவன், கதவு காக்கிறவன், எல்லோரும். அவர்களை யாராவது கேட்டார்களா? அதைப் பற்றி ஒரு வரி கிடைக்கவில்லை."

"சீ, புரொஃபெசோரே" என்று இத்தாலியனில் ஓம் போட்டபடி சட்டையைத் திருப்பிப் போட்டாள்.

அன்று மதியம் அவருடைய மனைவி சின்யோரா எலெனா சமையலறைக்கு வந்து அவளுடைய ஈரக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "கோயில் பாத்ரேயுடன் பேசிவிட்டேன். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு உனக்கு ஞானஸ்நானம். நானே உன் ஞானத்தாய்."

"சின்யோரா, பெர்மெஸ்ஸோவுக்கு ஒரு கடிதம் கேட்டனான்..."

"தருவேன், ஏன் தரமாட்டேன்? முதலில் ஆண்டவருடைய காரியம். பிறகு அரசாங்கத்தினுடையது."

சின்யோராவின் கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன. போன வருடம் குகனேஸ்வரியின் குடல்வால் வெட்டியபோது, மூன்று நாள் கட்டிலருகே இருந்து சூப் ஊட்டியவள் இவள்தான். குகனேஸ்வரியின் கைப்பையில் இந்த ஊரின் புனிதை சாந்த ரொசாலியாவின் படத்தைக் கண்ட நாளிலிருந்து சின்யோராவுக்கு இந்த எண்ணம். குகனேஸ்வரி ஞாயிறுகளில் அந்தப் புனிதையின் பெலெக்ரீனோ மலைக்கு வெறுங்காலுடன் ஏறுகிறாள் என்று அறிந்தபோது சின்யோரா சிலுவை போட்டுக்கொண்டாள். ஊரிலே நயினாதீவு அம்மனுக்கு நேர்ந்தவள், இங்கே மலைமேல் இருந்தவளுக்கு நேர்ந்தாள். அதை எப்படி இத்தாலியனில் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

இந்த நாட்டில் தங்குவதற்கான பெர்மெஸ்ஸோ மே மாதம் முடிகிறது. புதுப்பிக்க, வேலை தருகிறவரின் கடிதம் வேண்டும். கணவன் குணரத்தினம் மீன் கிடங்கு ஒன்றில் பதிவில்லாமல் வேலை செய்தான். அவனிடம் பேப்பர் எதுவும் இல்லை. ஒன்பது வயதுச் சாம்பவி, யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, சித்தி ரதியுடன் வவுனியா முகாமில் இருந்தாள். தாயின் பெர்மெஸ்ஸோ இருந்தால்தான் பிள்ளையைக் கூப்பிட முடியும்.

ஞாயிறு பின்னேரம், ஒரே அறையும் அடுப்புமான வீட்டில் குணரத்தினம் கட்டிலில் சாய்ந்திருந்தான். அவன் விரல்கள் ஐஸில் வெடித்திருந்தன. மேல்வீட்டு யூலியானா சம்பல் கொண்டு வந்திருந்தாள். மன்னார்க்காரி, கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பிக்கிறவள்.

"தலையில தண்ணி ஊத்தினால் காயும்தானே" என்றான் குணரத்தினம். "நீர் ஓம் எண்டு சொல்லும். பிள்ளை வரட்டும்."

யூலியானா கிண்ணத்தை மேசையில் வைத்தாள். "அண்ணை, அது எங்களுக்கு வெறும் தண்ணி இல்லை."

"நான் பிழையாச் சொல்லேல்லைப் பிள்ளை."

"அந்தக் காலத்தில ரோமில வீட்டு வேலை செய்த சனம்தான் முதல்ல நம்பினது. எசமானுக்கு ஒளிச்சு வைச்சுக் கும்பிட்டவை. உயிர் போகேக்கையும் விடேல்லை. அக்கா பேப்பருக்காக அதை வாங்கினால்..." என்று இழுத்தாள் யூலியானா.

குகனேஸ்வரி பாணைப் பிய்த்துச் சம்பலில் தொட்டாள். "நான் மலைக்குப் போகேக்கை ஆரும் என்னைக் கேக்கேல்லை யூலியானா. நானாத்தான் போனனான். இப்ப அதையும் பிடிச்சு வைச்சுக்கொண்டு கேக்கினம்."

யூலியானா சம்பல் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினாள். "மந்திரம் பாடமாக்கோணும். திங்கள் வாறன், சொல்லித் தாறன்" என்று எழுந்து போனாள்.

பெரிய வியாழனன்று புரொஃபெசோரே மறுபடியும் வந்து நின்றார். "அந்த வேலைக்காரர்கள் ஏன் ஒத்துக்கொண்டார்கள், பயமா, விசுவாசமா? இந்த அத்தியாயம் எனக்குப் பிடிபடவில்லை. நீ ஏன் ஒத்துக்கொண்டாய்?"

தெரிந்த சொற்களைக் கோத்துச் சொன்னாள். "சின்யோரா நல்லவ. பெர்மெஸ்ஸோ மேயில முடியுது. மகள் தூரத்தில."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு பென்சிலை எடுத்து, அவள் சொன்னதை அப்படியே தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். "அருமை" என்றார் மெதுவாக.

"நீங்கள் சின்யோராவோட கதைப்பீங்களோ? கடிதத்தை முதல் தரச் சொல்லி..."

"அது எலெனாவின் காரியம். நான் தலையிடுவதில்லை."

தட்டச்சுச் சத்தம் மறுபடி கேட்டது, முன்னைவிட வேகமாக.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு பதினொரு மணிப் பூசையில் குகனேஸ்வரி ஞானஸ்நானத் தொட்டியின் மேல் தலையைக் குனிந்தாள். நம்புகிறாயா என்று பாத்ரே மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் நம்புகிறேன் என்றாள். சின்யோராவின் கை அவள் தோளில் இருந்தது. தண்ணீர் காதுக்குள் போனது. கடைசி வாங்கில் யூலியானா முழந்தாளில் நின்று முகத்தைக் கைகளுக்குள் வைத்திருந்தாள். குகனேஸ்வரிக்கு வைத்த பெயர் அகாத்தா.

வீட்டில் பன்னிரண்டு பேருக்கு விருந்து. சின்யோரா தன் பக்கத்தில் அவளுக்கு ஒரு கதிரை போட்டிருந்தாள். அகாத்தா உட்கார்ந்தாள். பாஸ்தாத் தண்ணீர் கொதித்தது, எழுந்தாள். பிறகு இறைச்சி, பிறகு கோப்பி. வெள்ளைச் சட்டையின் மேல் ஏப்ரன் கட்டியிருந்தாள். அவள் கடைசியாகத் திரும்பி வந்தபோது கதிரையில் விருந்தினரின் மேலங்கிகள் கிடந்தன.

திங்கட்கிழமை சின்யோரா சொன்னபடி கடிதம் தந்தாள். அழகான கையெழுத்து. அகாத்தா குணரத்தினம் எங்கள் வீட்டில் வேலை செய்கிறாள், மிக நேர்மையானவள்.

"சின்யோரா, பாஸ்போட்டில வேற பேர்..."

"இனி இதுதானே உன் பேர்?" அவள் கன்னத்தில் முத்தமிட்டாள். படிக்கட்டில் பெட்டி காத்திருந்தது. சின்யோரா தன் தங்கை வீட்டில் இரண்டு கிழமை தங்கப் புறப்பட்டாள்.

செவ்வாய் காலை ஐந்தரைக்கே பெர்மெஸ்ஸோ அலுவலக வரிசையில் நின்று, பதினொன்றேகாலுக்குக் கண்ணாடிக்கு முன்னால் வந்தாள் குகனேஸ்வரி. உள்ளே இருந்த அதிகாரி கடிதத்தையும் பாஸ்போட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அகாத்தா யார்?"

"நான்."

"இதில் இல்லையே."

"ஞாயிற்றுக்கிழமை வைச்சது." உச்சந்தலையைத் தொட்டுக் காட்டினாள். "தண்ணி."

அவர் சிரித்தார், கோபமில்லாமல். பின்னால் இருந்தவளிடம் ஏதோ சொல்ல அவளும் சிரித்தாள். "நல்ல பெயர் சின்யோரா. ஆனால் இங்கே செல்லாது. சரியான பெயரில் புதுக் கடிதம் கொண்டு வாருங்கள். அடுத்த திகதி..." பெரிய கொப்பியைப் புரட்டினார். "ஒக்டோபர் பதினான்கு."

"மேயில முடியுது. மகளை..."

"ஒக்டோபர்."

அவர் சிவப்புப் பேனையை எடுத்தார். அகாத்தா என்ற பெயரின் மேல் நெடுக்காக ஒரு கோடும் குறுக்காக ஒரு கோடும் இழுத்து, கடிதத்தைக் கண்ணாடிக்குக் கீழால் தள்ளிவிட்டார். அவள் அதை எடுப்பதற்குள் பின்னால் நின்றவனின் கை அவள் தோளுக்கு மேலாக நீண்டு, தன் தாள்களைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்திருந்தது.