அவள் என்ன சாப்பிடுவாள்?

வெளிநாட்டில் மனைவியின் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கப் போன இடத்தில், இருவரையும் தனித்தனி அறையில் உட்கார வைத்தார்கள். அவன் பஸ் ஓட்டுகிறவன். அவள் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். கல்யாணமாகிப் பதினொரு வருஷம். அது அனுமதிக்காகக் காட்டிய பொய்க் கல்யாணமா, நிஜக் கல்யாணம்தானா என்று சோதிக்கத்தான் கேள்விகள்.

அவள் கடகடவென்று ஒப்பித்துவிட்டாள். அவருக்கு முட்டை முறுகலாக வேண்டும், குழம்பு கொதிக்கக் கொதிக்க வேண்டும், தேநீரில் ஒன்றரைக் கரண்டி சர்க்கரை. அவனிடம் அதிகாரியம்மா கேட்டது ஒன்றே ஒன்று. உங்கள் மனைவிக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்? கணவனுக்குப் பரிமாறிவிட்டு அப்புறம் சாப்பிடுவதுதான் பெண்டாட்டிக்கு அழகு என்று வளர்ந்தவன், பாவம். அவள் சாப்பிட்டு அவன் பார்த்ததே இல்லை. அதையே பெருமையாகச் சொன்னான். அதிகாரியம்மா பேனாவை மூடினாள். நாளைக்கு ஒருமுறை வாருங்கள், அப்போதும் பதில் இல்லையென்றால் அவள் ஊர் திரும்ப வேண்டியதுதான் என்றாள்.

வழியெல்லாம் அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒழுங்காகக் குடும்பம் நடத்தியதா குற்றம்? வீட்டுக்கு வந்து அவள் சமைத்து முடித்ததும், தட்டை அவள் முன்னால் வைத்து, முதலில் நீ சாப்பிடு என்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கோபமா, கேலியா?

"உனக்கு என்னதான் பிடிக்கும், சொல்லேன்."

"உங்களுக்குப் பிடிச்சதுதான்."

"அது என் வாய்ம்மா. நான் உன் வாயைக் கேக்கறேன்."

எதிரே உட்கார்ந்து வாயையே பார்த்தால் சோறு எப்படி இறங்கும்? பரீட்சை ஹாலில் நிற்கிற வாத்தியார் மாதிரி பார்க்காதீர்கள், அந்தப் பக்கம் போங்கள் என்றாள். அவன் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

முதல் வாயிலேயே நாக்கு சுரீரென்றது. குழம்பில் ஏதோ கோளாறு என்றே நினைத்தாள். ஆறினதையே தின்று பழகியவளுக்கு, அது வெறும் சூடுதான் என்று உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"பிடிச்சிருக்கா?" கதவுக்குப் பின்னாலிருந்து குரல்.

"தெரியலைங்க. சுடுது."

மறுநாள் அவனுக்கு வேறு பதில் கிடைக்கவில்லை.

"அவளுக்கே இன்னும் தெரியலை மேடம். நேத்துத்தான் சூடா சாப்பிட்டா."

அதிகாரியம்மா பேனாவைத் திறந்து அதை அப்படியே எழுதிக்கொண்டாள். பிறகு முத்திரையை எடுத்துக் குத்தினாள், ஒரே ஒரு வருஷத்துக்கு. ஏன் கொடுத்தாள், ஏன் ஒரு வருஷம் மட்டும் என்று இருவருக்கும் விளங்கவில்லை. வெளியே வந்ததும் அவன் எப்போதும்போல முன்னால் இரண்டு எட்டு வைத்தான். நின்றான். அவளும் நின்றுவிட்டாள். யார் முதலில் நடப்பது என்று தெரியாமல் இருவரும் வாசலை அடைத்துக்கொண்டு நிற்க, பின்னால் வந்தவர்கள் வழிவிடச் சொன்னார்கள்.