விருந்தாளிப் பெட்டி

சலவைப் பட்டறையின் புகைபோக்கி, அந்தக் குடியிருப்பின் இரண்டாம் மாடி ஜன்னலுக்கு நேர் எதிரே வாயைத் திறந்துகொண்டு நின்றது. கட்டியவன் இன்னும் கொஞ்சம் உயர்த்தியிருந்தால் புகை வானத்தைப் பார்த்துப் போயிருக்கும். அவன் செங்கல்லை மிச்சம் பிடித்தான். புகை அந்த மாடியில் குடியிருந்த டெய்லர் அக்கா வீட்டுக்குள் வந்தது. கொதிகலனில் விறகு எரியும் நாட்களில்கூடப் பரவாயில்லை. கழிவுத் துணியும் பழைய ரப்பரும் எரியும் நாட்களில்தான் வினை. ஜன்னலைச் சாத்தினால் வெந்து போவார்கள், திறந்தால் புகைந்து போவார்கள்.

அந்த வீட்டில் அதிகம் புகைந்தவள் அக்காவின் நாத்தனார். பாதி மூச்சுதான் என்றாலும் வாய் மட்டும் முழுசு. போனில் பேசும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பேச்சைவிட இருமல் அதிகமாகிப்போனதால் அனுப்பிவிட்டார்கள். போன மாதம் ஆஸ்பத்திரியில் ஒரே வரியில் சொல்லியும் விட்டார்கள், புகையை நிறுத்துங்கள், இல்லையென்றால் இவளை வேறு இடத்துக்கு அனுப்புங்கள் என்று. வேறு இடம் என்றால் வெளியூரில் இருக்கும் பெரிய அண்ணன் வீடு. அங்கே இவளை உட்கார வைத்துச் சோறு போடுவார்கள், சொல்லியும் காட்டுவார்கள்.

அண்ணியும் நாத்தனாரும் எலியும் பூனையும்தான். சனியன் விட்டது என்று டெய்லர் அக்கா நிம்மதியாக இருப்பாள் என்றே தெரு நினைத்தது. தெருவுக்கு என்ன தெரியும்? தையல் மிஷினுக்கு எதிரே உட்கார்ந்து, காஜா எடுத்துக்கொண்டே ஊரையெல்லாம் கிழித்துத் தோரணம் கட்டும் அந்த வாய் இல்லாமல் அக்காவுக்கு ஒரு பொழுதும் ஓடாது.

இந்த நேரத்தில்தான் ஒரு டாக்டரம்மாவும் அவளோடு ஆராய்ச்சிக்காரர்களும் வந்து தெருக்கூட்டம் போட்டார்கள். தெருவில் சர்க்கரை நோயைக் கணக்கெடுக்க வேண்டும் என்றார்கள், அதுவும் தெரு மக்களோடு சேர்ந்து செய்ய வேண்டுமாம். நாத்தனார் எழுந்து நின்றாள்.

"சேர்ந்து செய்யறதுன்னா எதைச் செய்யறதுன்னும் சேர்ந்துதானே முடிவு பண்ணணும்? சர்க்கரை எங்கேயும் ஓடிடாது டாக்டரம்மா. முதல்ல எங்க மூச்சைப் பாருங்க."

டாக்டரம்மா சின்னப் பெண், நல்ல பெண். மேலிடத்தில் மல்லுக்கட்டி ஆராய்ச்சியையே புகைக்கு மாற்றிக்கொண்டு வந்தாள். காற்றில் இருக்கும் தூசியை அளக்க, டிபன் பாக்ஸ் அளவில் வெள்ளைப் பெட்டிகள் வந்து இறங்கின. வீட்டுக்கு மூன்று நாள் மாட்ட வேண்டும். தெருவிலிருந்து தேர்ந்தெடுத்த ஆய்வாளர்களில் டெய்லர் அக்காவும் ஒருத்தி. வீடு வீடாகப் போய் அவளே பெட்டியை மாட்டினாள்.

"பெட்டி இருக்கிறதையே மறந்துடுங்க. எப்பவும் இருக்கிற மாதிரி இருங்க. எதையும் மாத்தக் கூடாது."

எல்லோரும் பெரிதாகத் தலையாட்டினார்கள். ஊருக்கெல்லாம் உபதேசம் முடித்துவிட்டு, கடைசிப் பெட்டியைத் தன் வீட்டுச் சுவரில் மாட்டி, இரண்டடி பின்னால் நகர்ந்து பார்த்தாள். பெட்டியின் சின்ன விளக்கு அவளையே பார்த்தது. அவ்வளவுதான், கை சும்மா இருக்கவில்லை. ஒட்டடை அடித்தாள். தரையை இரண்டு முறை துடைத்தாள். வெட்டுத்துணி மூட்டையை மாடிப்படிக்கு அடியில் தள்ளினாள். ஜன்னலை இறுகச் சாத்தி, இடுக்கில் ஈரத் துணியைத் திணித்தாள். மூன்று நாளும் மூவருக்கும் வேர்த்து ஊற்றியது. அவள் புருஷன் சட்டையைக் கழற்றிப் பிழிந்துவிட்டு, பெட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

முடிவோடு வந்த டாக்டரம்மாவின் முகம் செத்துக் கிடந்தது.

"அக்கா, இந்தக் கணக்குப்படி பாத்தா உங்க தெருவுக்கு ஜனங்க காத்து வாங்க வரணும். எல்லா வீட்லயும் காத்து சுத்தமா இருக்கு. இதை மாநகராட்சிக் கூட்டத்துல வெச்சா புகைபோக்கியை ஒரு செங்கல்கூட உயர்த்த மாட்டாங்க."

தேள் கொட்டிய திருடியாக அக்கா விழித்தாள். எதிர்வீட்டுக்காரி நகம் கடித்தாள். அப்போதுதான் குட்டு வெளிப்பட்டது. சாத்தாத ஜன்னல் தெருவில் ஒன்றுகூட இல்லை.

"பெட்டியா மாட்டினீங்க? சம்பந்தி வீட்டு ஆளுங்களையில்ல மாட்டியிருக்கீங்க," என்றாள் நாத்தனார். "எனக்கே மூணு நாளா இழுப்பு வரல, அப்பவே நான் யோசிச்சிருக்கணும். சரி விடுங்க. விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தான். பெட்டியை எடுக்காம அப்படியே விட்டு வைங்க. நாலாம் நாள் யாரும் அதைச் சீந்த மாட்டாங்க."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த சுற்றில் பெட்டிகள் இரண்டு வாரம் தொங்கின. நாத்தனார் சொன்னபடியேதான் நடந்தது. முதல் மூன்று நாள் ராஜ உபசாரம். நாலாம் நாள் எதிர்வீட்டுக்காரி பெட்டியின் மேல் துண்டைக் காயப் போட்டாள். டெய்லர் அக்கா மட்டும் ஜன்னல் அருகில் போவதும் திரும்புவதுமாக இருந்தாள். திறந்தால் நாத்தனாருக்கு இழுக்கும். சாத்தியே வைத்தால் கணக்கு பொய்யாகும், கடைசியில் இவள் ஊரைவிட்டே போக வேண்டியிருக்கும்.

"திற அண்ணி. நான் எப்படி இருக்கேன்னு அதுவும் கொஞ்சம் பாக்கட்டும்."

திறந்தாள். இரண்டு நாள் கழித்து நாத்தனாரை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிப்போக வேண்டி வந்தது. வழியெல்லாம் அக்கா அவளைத் திட்டிக்கொண்டே வந்தாள், திட்டிக்கொண்டே அழுதாள்.

மாநகராட்சிக் கூட்டத்தில் டாக்டரம்மா திரையில் படம் போட்டாள். நாலாம் நாளிலிருந்து கோடு மலைபோல் ஏறியது; பட்டறைக்கு விடுமுறை விட்ட நாட்களில் பொத்தென்று தரையில் விழுந்தது. பட்டறை முதலாளி ஒன்றும் விவரமில்லாதவர் இல்லை.

"மேடம், முதல் மூணு நாளும் கோடு கீழேதான் கிடக்கு. அந்த மூணு நாளும் என் கொதிகலன் ஓடுச்சு. அப்போ புகை எங்கே போச்சு? இது இவங்களே எதையோ கொளுத்திச் சேர்த்த கணக்கு."

டாக்டரம்மாவுக்குப் பதில் தெரியும். ஆனால் வீட்டுக்குள் நடப்பதை வீட்டுக்காரர்கள்தான் சொல்ல வேண்டும், அவள் சொல்லக் கூடாது என்பது முதல் நாளே செய்துகொண்ட ஒப்பந்தம். அவள் டெய்லர் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அத்தனை அதிகாரிகள் முன்னால் தன் வீட்டு ஒட்டடையைச் சொல்வது அக்காவுக்கு மானம் போகிற காரியம். பக்கத்தில் நாத்தனாரின் மூச்சு விசில் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா எழுந்தாள்.

"ஐயா, அந்த மூணு நாளும் நாங்க யாரும் ஜன்னலைத் திறக்கல. இடுக்குல ஈரத் துணியை வெச்சு அடைச்சு, உள்ளே வெந்துகிட்டு கிடந்தோம். வீடு வீடாப் போய் எதையும் மாத்தாதீங்கன்னு சொன்னவளே நான்தான். முதல்ல சாத்தினதும் நான்தான். பெட்டி வந்து நம்மளை அழுக்கு வீடுன்னு சொல்லிடுமோன்னு வெக்கம். உங்க வீட்டுக்குச் சொல்லாம கொள்ளாம ஆள் வந்தா, சோபா மேல கிடக்கிற துணியை நீங்க என்ன பண்ணுவீங்க?"

"கட்டிலுக்கு அடியில..." என்று ஆரம்பித்துவிட்டு முதலாளி வாயை மூடிக்கொண்டார்.

முதலில் சிரித்தது தலைமை அதிகாரிதான். தன் வீட்டிலும் கட்டிலுக்கு அடியில்தான் என்றார். மழைக்காலத்துக்குள் புகைபோக்கியை உயர்த்த வேண்டும், அதுவரை விறகைத் தவிர வேறெதையும் எரிக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று. முதலாளி முணுமுணுத்தபடிதான் செய்தார், ஆனால் செய்தார். புகை தலைக்கு மேலே போகத் தொடங்கிய வாரம், நாத்தனாரின் மூச்சிலிருந்து விசில் சத்தம் குறைந்தது.

அந்த வாரம் ஒரு சாயங்காலம், புகை குறைந்ததையும் அளந்து முடித்த பெட்டியை நாத்தனார் துடைத்துத் துணியில் சுற்றினாள். மறுநாள் டாக்டரம்மாவிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

"விருந்தாளி ஒரு வழியாக் கிளம்பிடுச்சு," என்றவள், கொஞ்சம் நிறுத்திக் கேட்டாள். "இந்த வீட்ல நான் மட்டும்தான் பாக்கி, இல்ல அண்ணி?"

டெய்லர் அக்கா மிஷினை நிறுத்தவில்லை, நிமிரவும் இல்லை.

"விருந்தாளியா இருந்தா நானே எழுந்து வந்து உபசாரம் பண்ணியிருப்பேன். நீ வீட்டு ஆளுதானே? எழுந்து போய் அந்த ஜன்னலைத் திற. புழுங்குது."